எழுபத்திரண்டாம் கட்டத்தில் எழுந்தவர்கள்

கிளாஃபிரா ரொதியோனொவ்னாவுக்கு எந்த நாற்காலியிலும் முழுசாக உட்கார வராது. பெரெலுக்கி இசைப்பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்த இருபத்திரண்டு வருஷமும் ஓரத்தில்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து நாற்காலிகள் எல்லாம் ஒரு பக்கமாகத் தேய்ந்து வோல்கா ஆற்றைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அந்த வசந்தத்தில் உட்காருவதையே விட்டுவிட்டாள். முட்டைக்கோஸ் சூப்பைக்கூட ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடியே குடித்தாள்.

நாலு வருஷ வேலை முடிந்திருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய பீட்டர்ஸ்பர்க் மேதை ஒருவர் பியானோவுக்கு எழுதிய ஏழு உருப்படிகளை, பாண்டு வாத்தியங்களுக்கும் மாணவர் குழுவுக்குமாகப் பிரித்து எழுதியிருந்தாள். பத்து விரல் பார்க்கிற வேலையை முப்பத்தொரு பேருக்குப் பங்கு வைப்பது, பாகப்பிரிவினை செய்வது மாதிரி. எப்படிப் பிரித்தாலும் எல்லோருக்கும் மனத்தாங்கல்தான். மாஸ்கோவில் ஒரு பதிப்பகம் அச்சிடச் சம்மதித்திருந்தது. ஒரே நிபந்தனை: ஜூன் மாத ஊர்த் திருநாளில் தங்கள் ஆள் முன்னால், முதலிலிருந்து கடைசி வரை நிற்காமல் வாசித்துக் காட்ட வேண்டும். நடுவில் நின்றால் நாலு வருஷமும் போச்சு.

பெரெலுக்கியில் இருந்ததோ ஒரே பாண்டு, தீயணைப்புப் படையுடையது. ஆட்கள் பதினாலு பேர். பள்ளிப் பிள்ளைகள் பதினேழு. எந்த நேரமும் தீச் சங்கு ஊதலாம், பதினாலு பேரும் போய்விடலாம். அதனால் பித்தளை வாத்தியங்களின் முக்கியமான இடங்களையெல்லாம் பிள்ளைகளின் இசைத்தாளிலும் சின்ன எழுத்தில் எழுதிவைத்தாள். பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது. இல்லையென்றால் அவர்கள் வாசித்துக்கொள்ள வேண்டும். இது அந்தத் தொழிலில் வழக்கம்தான்.

ஒத்திகையில் ஆறு உருப்படி சரியாகப் போயிற்று. ஏழாவது, ஒரு பழைய மணிக்கூண்டு சரிந்து விழுவதை இசையில் காட்டுவது. இசைத்தாளின் எழுபத்திரண்டாம் கட்டத்தில் பியானோக்காரரின் இடது கை அடிச் சுரத்திலிருந்து உச்சிச் சுரம் வரை மூன்று தடவை உருண்டு ஏறும். அதை டிராம்போன்களுக்குக் கொடுத்திருந்தாள். படையில் கையால் சுற்றி ஊதும் தீச் சங்கின் ஓசையும் மிகச் சரியாக மூன்று தடவைதான் ஏறும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் ஒத்திகையில் மூன்றாவது ஏற்றம் முடிந்த மறுநொடியே பதினாலு பேரும் வண்டியில் இருந்தார்கள். பால் பண்ணை தாண்டிய பிறகுதான் எங்கே தீ என்று ஒருவர் கேட்டாராம். திரும்பி வந்த டிராம்போன்காரரை அவள் மடக்கினாள்.

“ஊதினது நீங்கதானே?”

“வாய் என்னோடதும்மா. காது படையோடது.”

பதினோரு ஒத்திகை, பதினோரு ஓட்டம். ஒரு நாள் இடுப்பு வாரை நாற்காலியோடு கட்டிப் பார்த்தார்கள். நாற்காலிகளும் போயின. பதினாலு நாற்காலிகள் தலைக்கவசத்தோடு மேடேறியதைப் பார்த்த பசுக்கள் இரண்டு நாள் பால் தரவில்லை என்று பண்ணையிலிருந்து எழுத்துமூலம் புகார் வந்தது.

பாண்டு மாஸ்டர் புரோகோர் இலியிச் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

“ரொதியோனொவ்னா, ரெண்டு தடவ ஏறினா போதாதா? மூணாவத யாரு கேட்டா?”

“எழுதினவர் கேட்டார்.”

“அவரு போயி நூறு வருஷம் ஆச்சே.”

“அதான் போய் அனுமதி வாங்க முடியல.”

ஒரு சுரம்கூட மாற்ற மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் அந்த இடம் முழுவதையும் பிள்ளைகளின் எட்டு அக்கார்டியன்களுக்குத் தள்ளினாள். படை ஆட்கள் எழுபதாம் கட்டத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பன்னிரண்டாம் ஒத்திகையில் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவள் அறைக்குள் நாலு கிலோமீட்டர்தான் நடந்தாள்.

திருநாளன்று வெயில் கொளுத்தியது. மண்டபத்து ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன. பதிப்பகத்து வேனியமின் கார்லொவிச் முன்வரிசையில் காளான் பணியாரத்தோடு உட்கார்ந்திருந்தார். கிளாஃபிரா தாளக் குச்சியோடு குழுவுக்கு முன்னால் நின்றாள். ஆறாவது உருப்படியின் நடுவில் நிஜச் சங்கு ஊதியது. பதினாலு பேரும் போனார்கள். பிள்ளைகள் கண் சிமிட்டாமல் சின்ன எழுத்துக்குத் தாவினார்கள். இசை நிற்கவில்லை. கிளாஃபிராவுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

ஏழாவதில் அறுபதாம் கட்டத்தில்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வண்டி பால் பண்ணை மேட்டில் முனகிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் யாரோ ஒருவருடைய குளியல் குடிசையிலிருந்து புகை. போனவர்கள் யார் காதிலும் பஞ்சு இல்லை. எட்டு அக்கார்டியன்களும் மூன்று தடவை ஏறினால், இன்னொரு சங்கு என்று நினைத்து வண்டி அப்படியே நிலையத்துக்குத் திரும்பும். குடிசை சாம்பலாகும். கையை நிறுத்தினாலோ மாஸ்கோ எழுந்து போய்விடும்.

பன்னிரண்டு கட்டம் இருந்தது. அவள் முழங்காலை மடக்க ஆரம்பித்தாள். அவள் குனிந்தால் சத்தம் குறைய வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் பழக்கம். எழுபதாம் கட்டத்தில் அவளுடைய தலை மட்டும் தெரிந்தது. எழுபத்திரண்டில் குச்சியின் நுனி மட்டும்தான். எட்டு அக்கார்டியன்களும் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் சத்தமிட்டன. இடியாக விழ வேண்டிய மணிக்கூண்டு, தூங்குகிற குழந்தையைக் கட்டிலில் கிடத்துவது போலத் தரையிறங்கியது. வண்டி மேட்டைத் தாண்டி மறைந்தது. கடைசிக் கட்டம் வரை யாரும் நிற்கவில்லை.

வேனியமின் கார்லொவிச் ஈரக் கண்ணோடு மேடைக்கு வந்தார்.

“எல்லாரும் அந்த இடத்தப் போட்டு இடிப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் புரிஞ்சிக்கிட்டீங்க.”

“அது தப்புங்க. அங்க இடிக்கத்தான் வேணும். என் தாளப் பாருங்க, அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

“இந்த அடக்கம்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது,” என்றார் அவர்.

குளியல் குடிசைக்குக் கூரை மட்டும் போயிற்று. புத்தகம் இலையுதிர் காலத்தில் வந்தது. எழுபத்திரண்டாம் கட்டத்துக்குமேல் ‘மிக மெல்ல’ என்று அச்சாகியிருந்தது. கிளாஃபிரா ஒன்பது கடிதம் எழுதினாள். ஒன்பதாவதுக்குத்தான் பதில் வந்தது: இரண்டாம் பதிப்பு போடுகிறோம், அந்த இடம் ஏன் மெல்ல வாசிக்கப்படுகிறது என்று ஐந்து பக்கம் எழுதித் தாருங்கள்.

மூன்று நாள் அறைக்குள் உலாத்திவிட்டு, ஐந்தே வரியில் உண்மையை எழுதி அனுப்பினாள். சங்கு, மேடு, குடிசை, பஞ்சு எல்லாம் அதில் இருந்தன. வேடிக்கைக்கு எழுதியிருக்கிறாள் என்று பதிப்பகத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பிறகு அந்த மேதை தன் தாயாரை நினைத்து அங்கே குரலை அடக்கிக்கொண்டார் என்று அவர்களே ஐந்து பக்கம் எழுதி, கீழே அவள் பெயரைப் போட்டுவிட்டார்கள்.