காலில் சிவப்பு நாடா

ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில் எங்கள் பண்ணையில் நூற்று எண்பது மாடுகள். அதில் எது நேற்று ஒரு வாய் குறைவாகத் தின்றது என்று என் கணவன் மெர்வினைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். மகள் டாம்சின் மூன்று மாதமாக வலைப்பந்து ஆடப் போகவில்லை, சாப்பாட்டில் பாதியை நாய்க்குப் போடுகிறாள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். அது மட்டும் அவன் கண்ணில் படவில்லை. "பதினோரு வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றான். நானோ அவளைச் சோம்பேறி என்று திட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வயிற்றுவலி என்று டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். "எத்தனை நாளா சரியா தூங்கல?" என்று அவர் கேட்டதும் மெர்வின் திருதிருவென விழித்தான்.

"சரி, ஒரு மாடு தீனி குறைச்சு, மந்தைய விட்டு ஒதுங்கி நின்னு, கிட்ட போனா உதைக்குது. என்ன செய்வீங்க?"

"அன்னைக்கே வைத்தியரைக் கூப்பிடுவேன்" என்றவன் டாம்சினைத் திரும்பிப் பார்த்தான்.

"பிள்ளைங்களுக்கு மனச்சோர்வு எப்பவும் அழுகையா வராதுங்க. எரிச்சலா வரும், வயித்துவலியா வரும். நாமதான் திமிருன்னு நினைச்சுக்குவோம்."

வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் போவதென்று முடிவாயிற்று.

மறுநாள் கறவைக் கொட்டகையில், சிகிச்சை மாடுகளை எழுதும் வெள்ளைப் பலகையைப் பார்த்தேன். '47, மடிநோய்.' அதன் கீழே, 'டாம்சின், மனசு. செவ்வாய் நாலு மணி. அதட்டக் கூடாது.'

"புள்ளைய மாட்டோட சேத்து எழுதியிருக்கியே, உனக்கு மூளை இருக்கா?"

"இங்க எழுதினாதான் மறக்க மாட்டேன்."

பின்னாலேயே வந்த டாம்சின் அதைப் படித்துவிட்டாள்.

"நாப்பத்தேழுக்குக் கீழயா போட்டிருக்க? அது உதைகாலிப்பா" என்றாள். மூன்று மாதத்தில் அன்றுதான் சிரித்தாள்.

சிகிச்சையில் இருக்கும் மாட்டின் காலில் சிவப்பு நாடா கட்டுவோம். அதைப் பார்த்தால் யாரும் மாட்டை விரட்ட மாட்டார்கள். அவள் ஒரு துண்டு எடுத்துத் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு முடியாத நாட்களில் நாடா இருக்கும். மெர்வின் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். செவ்வாய்க்கிழமைகள் போகப் போக நாடா நாட்கள் குறைந்தன.

போன வாரம் காலைக் கறவையில் மெர்வினின் ரப்பர் பூட்ஸில் சிவப்பு நாடா. டாம்சின் பார்த்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளாப்பா?" என்றாள்.

"ஆறு வருஷம் இருக்கும்."

அவள் எழுந்து போய்ப் பலகையில் எழுதினாள்: 'அப்பா, மனசு. உதைப்பார். டாக்டரை இன்னைக்கே கூப்பிடணும்.'