நான்காம் எண் பச்சை

1

2023 ஜூன் 16, வெள்ளிக்கிழமை, மாலை 5.40. அச்சு மை தயாரிக்கும் ஆலை ஒன்றின் முதல் மாடியில், நிறம் பார்க்கும் அறையில், வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் ஆறு பச்சைக் கோடுகள் இழுக்கப்பட்டன. தாள் மூடப்படவில்லை. விளக்கு அணைக்கப்படவில்லை.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கிண்ணத்திலிருந்து. அச்சில் ஒரே படத்தின் பச்சை ஒரு பதிப்பில் ஒரு மாதிரியும் அடுத்த பதிப்பில் வேறு மாதிரியும் வருவது ஏன் என்று கட்டுரை எழுத அந்த ஆலைக்குப் போயிருந்தேன். நிறம் பார்க்கும் அம்மா அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். நான்கு மணிக்கு எல்லோரும் இயந்திரத் தேநீருக்காகக் கீழே இறங்கியபோது, அவர் மட்டும் அலமாரியிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தார். "குடிச்சுப் பாருங்க. பிடிக்கலேன்னா சொல்லிடுங்க, சங்கடப்படாதீங்க" என்றார். குடித்தேன். அந்தக் கட்டுரையை இன்னும் எழுதவில்லை.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"மச்சா என்பது ஜப்பானில் நிழலில் வளர்க்கப்படும் தேயிலையை" — நிறுத்தினேன். இது பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது.

"பச்சைக்கும் ஒரு ருசி உண்டு என்று அன்றுதான் அவருக்கு" — பொய். அவர் அப்படியெல்லாம் யோசிக்கிறவர் இல்லை.

"கண்ணை நம்பியவர் ஒருவர் நாக்கிடம் தோற்ற" — இது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

[ஆனாலும் பாக்கெட்டின் பின்பக்கத்தை நீங்கள் படித்திருக்காமல் இருக்கலாம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறிப்பதற்கு மூன்று வாரம் முன்னதாகச் செடிகளுக்கு மேல் பந்தல் கட்டி வெயிலை மறைக்கிறார்கள். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க இலை கூடுதலாகப் பச்சையம் சேர்த்துக்கொள்கிறது. அதன் சுவையும் கனக்கிறது. பிறகு ஆவியில் வாட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் திருகையில் அரைக்கிறார்கள். ஒரு திருகை ஒரு மணி நேரம் சுற்றினால் நாற்பது கிராம் விழுவதே பெரிய காரியம். மற்ற தேநீரில் இலையை வடித்து எறிகிறோம். இதில் இலையையே குடிக்கிறோம். குறை இருந்தால் அது ஒளிந்துகொள்ள இடமில்லை.]

3

நிறம் பார்க்கும் அந்த அம்மாவுக்கு ஆலையில் லென்ஸ் அக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாகக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் வந்த பெயர். பச்சையில் மஞ்சள் ஒரு துளி கூடினாலும் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடிப்பார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு டின் மையும் வெளியே போகாது.

கதையின் இன்னொரு ஆள் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. கூரியர் அலுவலகக் கவுன்டரில் பதினொரு வருடம் முத்திரை குத்தியவர். வேலையை விட்டுவிட்டு, நூலகத்துக்கு எதிரே எட்டு நாற்காலி கொள்ளும் ஓர் அறையைப் பிடித்திருந்தார். அங்கே விற்கப்போவது மச்சா மட்டும்தான். காப்பி கிடையாது, கேக் கிடையாது.

(முதல் வரைவில் நாத்தனாரைக் கொஞ்சம் வில்லியாக்கியிருந்தேன். நாத்தனார் என்று எழுதியவுடனே பேனா தானாக அந்தப் பக்கம் சாய்கிறது. வரைவைப் படித்துவிட்டு அவரே போன் செய்தார். "ஏங்க, நான் எப்ப எங்க அண்ணியை முறைச்சேன்? கேலிதான் பண்ணுவேன். முறைக்கறதும் கேலியும் ஒண்ணா?" என்றார். திருத்திவிட்டேன்.)

வியாழக்கிழமை மாலை அண்ணன் வீட்டுக்கு வந்த அவர், சாப்பாட்டு மேசையில் ஆறு சின்னப் பொட்டலங்களை வரிசையாக வைத்தார். பெயர், விலை எல்லாவற்றையும் மறைத்து எண் ஒட்டியிருந்தார்.

"அண்ணி, இதுல எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"நானா? எனக்கு டீயைப் பத்தி என்ன தெரியும்?"

"டீயைப் பத்தி யாரு கேட்டா? பச்சையைப் பத்திக் கேக்கறேன். இறக்குமதி பண்றவர் சொல்லிட்டாரு, முதல்ல நிறத்தைப் பாருங்க, மஞ்சளடிச்சா விடுங்கன்னு. நான் மூணு கிண்ணம் குடிச்சதுமே எல்லாம் ஒரே மாதிரி தெரியுது. உங்களுக்குத்தான் ஊர்ல இல்லாத கண்ணாச்சே."

"அதே கண்ணாலதான் உன் கல்யாணப் புடவையை எடுத்தேன். ஒரு வருஷம் சொல்லிக் காட்டினே."

"அது கத்தரிப்பூ கலர்னு எடுத்தீங்க. போட்டோல கத்தரிக்காயாவே வந்துச்சு."

அண்ணன் சிரித்தார். லென்ஸ் அக்கா முறைத்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

போகும்போது நாத்தனார் வாசலில் நின்று சொன்னதில் கேலி இல்லை. "சனிக்கிழமை பன்னண்டு மணி வரைக்கும்தான் சரக்கை நிறுத்தி வச்சிருக்காங்க, அண்ணி. இந்த வருஷத்து முதல் பறிப்பும் இதுல இருக்கு. போச்சுன்னா போச்சு. எனக்குக் கடைன்னா இது ஒண்ணுதான்."

4

வெள்ளிக்கிழமை மாலை அவர் செய்ததை, குறுக்கே நிற்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

ஆலையில் மையைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். தட்டையான கத்தி நுனியில் ஒவ்வொரு பொடியாக எடுத்து வெள்ளைத் தாளில் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். ஒன்று வெளிறிய பட்டாணிப் பச்சை. இரண்டு கொஞ்சம் பழுத்தது, நிதானமானது. மூன்றும் ஐந்தும் மண்ணைத் தொட்டன. அவற்றை விரலில் தேய்த்தபோது நறநறத்தது. ஆறு பரவாயில்லை.

நான்கை இழுத்ததும் அவருடைய கை நின்றுவிட்டது.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "மழை விட்டதும் சுவரோரப் பாசியில ஒரு பச்சை வரும் பாருங்க, அது. நாங்க அந்தப் பச்சையைக் கலக்கப் பத்தொன்பது வருஷமா பாக்கறோம். வரமாட்டேங்குது" என்றார். பொடி விரல் ரேகைக்குள் இறங்கி, கண்ணிமை மேல் பூசும் மாவு போல மெத்தென்று கிடந்ததாம்.

அப்போதே நான்கு என்று போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அவருடைய தொழிலில் முதல் பார்வைக்குக் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை. ஈரத்தில் மின்னுகிற மை காய்ந்ததும் சோர்ந்துபோகும். எனவே கோட்டை இழுத்து, விளக்கடியில் திறந்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வந்து பார்க்க வேண்டும். இரவெல்லாம் வெளிச்சத்தில் நின்று மாறாத நிறமே நிறம். அப்படித்தான் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

* தேநீர் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பார்கள். மற்றவர்கள் அடுத்த பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

5

சனிக்கிழமை ஆலை அரை நாள். ஒன்பதே முக்காலுக்கு லென்ஸ் அக்கா தாளின் முன்னால் நின்றார்.

நான்காம் கோடு விழுந்துவிட்டிருந்தது. நேற்றைய பாசி இன்று காய்ந்த இலை. இரண்டாம் கோடு நேற்று இருந்தபடியே, கொஞ்சமும் அசையாமல் இருந்தது.

அவருக்கு வருத்தம்தான். ஆனால் வருத்தத்துக்காகக் கையெழுத்துப் போட முடியாதே. தாளின் ஓரத்தில் "தீர்ப்பு: 2" என்று எழுதிக் கையெழுத்திட்டார். பத்து மணிக்கு நாத்தனாருக்குப் போன் செய்தார்.

"ரெண்டு."

"நிச்சயமா அண்ணி?"

"ராத்திரி முழுக்க வச்சுப் பாத்துட்டேன். ரெண்டுதான் நிக்குது. நாலு பாக்க அழகா இருந்துச்சு, நிக்கல."

"அப்பாடா. பதினொண்ணரைக்கு இறக்குமதிக்காரரைக் கூப்பிட்டு முடிச்சிடறேன். நீங்க மட்டும் இல்லேன்னா நான் பொட்டலத்து அழகைப் பாத்து வாங்கியிருப்பேன்."

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு அந்தக் கிண்ணம் கிடைத்திருக்காது.

6

பதினொன்றே காலுக்கு வேலை ஓய்ந்தது. பொட்டலங்களின் அடியில் இரண்டிரண்டு கிராம் மிஞ்சியிருந்தது. தூக்கிப்போட மனமில்லை. நாத்தனார் கூடவே கொடுத்திருந்த மூங்கில் கலக்கியை எடுத்தார். ஒரே மூங்கில் துண்டை நூறு இழையாகக் கீறியது. ஆலையில் எல்லோரும் அதைச் சவரத் தூரிகை என்று நினைத்தார்கள்.

முதலில் இரண்டாம் எண். கொதித்த நீரை ஆறவிட்டு, எண்பது டிகிரிக்கு வந்ததும் ஊற்றிக் கலக்கினார். (மைக்கு வைத்திருக்கும் வெப்பமானி. "கழுவிட்டுத்தாங்க வச்சேன், அதையும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.) நுரை பெரிய குமிழிகளாக எழுந்து உடைந்தது. குடித்தார். வைக்கோல். தொண்டையில் ஒரு வறட்சி. தேநீர் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு நான்காம் பொட்டலத்தைப் பிரித்தார்.

உள்ளே அதே பாசிப் பச்சை. துளியும் குறையாமல்.

தாளைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். இருட்டில் மூடிக் கிடந்த பொடி அப்படியே இருக்கிறது, விளக்கடியில் கிடந்த கோடு செத்துவிட்டது. செடியாக இருந்தபோதே வெயில் படாமல் வளர்த்ததை இவர் இரவு முழுக்க விளக்கில் காய வைத்திருக்கிறார். இரண்டாம் எண் மாறாததற்குக் காரணம், அதில் மாறுவதற்கு எதுவும் மிச்சமில்லை. பொட்டலத்துக்குள் வரும் முன்பே பழசு.

கை மட்டும் வேலையை நிறுத்தவில்லை. சின்ன வடிகட்டியில் சலித்தார். கிண்ணத்தை வெந்நீரில் சூடாக்கித் துடைத்தார். நாலு மேசைக்கரண்டி நீர். மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னும் வேகமாக. இந்த முறை நுரை உடையவில்லை. பாலாடை போல இறுகி, கிண்ணத்தின் விளிம்பு வரை ஒரே நிறமாக மூடியது.

அந்த மிடறை என்னால் எழுத முடியும், நானும் குடித்திருக்கிறேன். முதலில் இனிப்பு. சர்க்கரை இனிப்பு இல்லை, இளம் பட்டாணியை உரித்தவுடன் வாயில் போட்டால் வருவது. அதன் அடியில் கடல் போல ஒரு கனம். கசப்பு கடைசியில்தான் வருகிறது, அதுவும் கதவைத் தட்டிவிட்டு வருகிறது. விழுங்கிய பிறகும் ஐந்து நிமிடம் வாய் ஈரமாகவே இருக்கிறது. பேசத் தோன்றுவதில்லை.

லென்ஸ் அக்காவுக்குப் பேசியாக வேண்டியிருந்தது. மணி பதினொன்று முப்பத்தாறு. போனை எடுத்தார்.

நாத்தனாரின் எண் வேறு அழைப்பில் இருந்தது.

7

இங்கே நான் மூன்று நாள் நின்றேன்.

முதல் முடிவு: போன் கிடைக்கவேயில்லை. இரண்டாம் எண் வந்து இறங்குகிறது. கடையும் ஓடுகிறது, பாலும் சர்க்கரையும் சேர்த்தால் வைக்கோல் யாருக்குத் தெரியப்போகிறது? லென்ஸ் அக்கா மட்டும் அந்தக் கடைக்குப் போகும்போதெல்லாம் தண்ணீர் கேட்டு

இரண்டாம் முடிவு: போன் கிடைக்கிறது, அவர் ஒப்புக்கொள்கிறார், இருவரும் அழுது

யாரும் அழவில்லை. இரண்டையும் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதிய வரைக்கும் லென்ஸ் அக்காவிடம் காட்டினேன். லென்ஸை வைத்துப் படித்தார்.

"நடந்ததை எழுதினா ஆகாதா?"

"நீங்க அன்னைக்கு ஏன் அத்தனை தடவை போன் பண்ணீங்கன்னு தெரியாம எப்படிங்க எழுதறது? நாத்தனார் கடைக்காகவா? இல்ல, உங்க கையெழுத்து தப்பாயிடுச்சுங்கறதுக்காகவா?"

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? நல்ல டீ ஒண்ணு வேற யார் வீட்டுக்கோ போகப் பாத்துச்சு. விடலாமா?"

இதில் எந்தக் காரணத்தை எடுத்துக்கொள்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நான் மூன்றையும் மாற்றி மாற்றி நம்புகிறேன்.

8

பதினோராவது முறை போன் எடுக்கப்பட்டது. மணி 11.47.

"அண்ணி, இப்பதான் முடிச்சேன். மெயில்ல எழுதி அனுப்பச் சொன்னாரு, டைப் பண்ணிட்டிருக்கேன். ரெண்டு, மூணு கிலோ—"

"நாலு."

"நாலு கிலோவா? அவ்வளவு எதுக்கு?"

"நாலாம் நம்பர்டி. நான் தப்பாப் பாத்துட்டேன். விளக்குல வச்சுக் கெடுத்ததே நான்தான்."

மறுமுனையில் டைப் அடிப்பது நின்றது.

"நீங்களா? தப்பாவா?"

"ஆமா. அப்புறமா சிரிச்சுக்கோ. இப்ப அனுப்பு."

"இருங்க, இருங்க. இதைக் காதாரக் கேட்டுக்கறேன். இன்னொரு தடவை சொல்லுங்க."

"மணி பதினொண்ணு நாப்பத்தொம்பதுடி!"

"நாலுன்னு எப்படி அண்ணி நிச்சயமாத் தெரியும்?"

"குடிச்சேன்."

9

11.52க்கு மெயில் போனது. நான்காம் எண், மூன்று கிலோ. முப்பது கிராம் டப்பாக்களில், வெளிச்சம் புகாதபடி அடைத்து வந்தது.

கடை ஜூலை 3 அன்று திறந்தது. காப்பி கிடையாது, கேக் கிடையாது.

அந்தத் தாள் ஆலையின் கோப்பில் இருக்கிறது. ஓரத்தில் 2 அடிக்கப்பட்டு 4 என்று எழுதியிருக்கிறது, பக்கத்தில் இன்னொரு கையெழுத்து. ஆறு கோடுகளும் இப்போது ஒரே பழுப்பு.