எண்ணைப் பெரிதாக்கியவள்

1

என் வீட்டு யுபிஎஸ் கெட்டுப்போனதால் கிடைத்த கதை இது. பெரம்பலூரில் அதைச் சரிசெய்யக் கொடுத்த கடையில் நான் காத்திருந்தபோது, சால்டரிங் வைத்துக்கொண்டே ஷஹானா சொன்னாள். லப்பைக்குடிக்காட்டுப் பெண், எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்தவள். கடை அவளுடைய மாமா அப்துல் சலாமுடையது. அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். நீட்டியது நான். எங்கே நீட்டினேன் என்பதை அப்போதைக்கப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘2002ஆம் ஆண்டின் ஏப்ரல் வெயில் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளின் மேல்—’

(விட்டுவிட்டேன். வெயில் இந்தக் கதைக்குத் தேவைதான், ஆனால் அலங்காரமாக அல்ல. எல்சிடி திரையைக் கறுக்க வைப்பதற்காக.)

2

அரியலூர்ப் பக்கம் கல் உடைக்கும் ஆலை ஒன்று. அரவை எந்திரத்தின் பேரிங் சூடாகும். எவ்வளவு சூடு என்பதைத் தீப்பெட்டி அகலத் திரை ஒன்று காட்டும். தொண்ணூறு டிகிரியைத் தாண்டினால் ஆபரேட்டர் எந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். ஆபரேட்டரின் பெயர் சாமிதுரை.

திரை அடிக்கடி கெட்டுப்போகிறது என்று எஞ்சினியர் குருமூர்த்தி மாமாவையும் ஷஹானாவையும் வரச் சொன்னார்.

குருமூர்த்தி கறாரான, இரக்கமே இல்லாத—

(இல்லை. அவரை நான் பார்த்ததேயில்லை. ஷஹானா சொன்னது, ‘டீ வாங்கிக் கொடுத்தாரு’ என்பது மட்டும்தான்.)

பழைய பெட்டி பிளாஸ்டிக். மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து சுண்ணாம்புத் தூள் மாவாகக் கொட்டியது. தூசியை அடைக்க யாரோ டேப் சுற்றியிருந்தார்கள். டேப் தூசியை உள்ளே விட்டுவிட்டுச் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. ஷஹானா ஒயரைக் கழற்றினாள். திரை செத்துப்போனது.

அப்போது ஷெட்டின் அந்தப் பக்கத்திலிருந்து குருமூர்த்தி கத்தினார். “சாமிதுரை, எவ்வளவு காட்டுது?”

சாமிதுரை திரையை நேராகப் பார்த்தார். “அறுபத்திரெண்டு சார்!”

ஒயர் ஷஹானாவின் கையில் இருந்தது.

3

இங்கே என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லும் ஆபரேட்டரை வாசகர் மன்னிப்பாரா? அவருக்கு நோயாளி மனைவி, கல்யாணத்துக்கு நிற்கும் மகள் என்று இரண்டு பேரை எழுதினேன். பிறகு இருவரையும் அனுப்பிவிட்டேன். ஷஹானா அப்படி யாரையும் சொல்லவில்லை.

அவள் சொன்னது இது. மாமா டீ குடிக்கப் போனபோது சாமிதுரையிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறாள்.

“அண்ணே, நம்பர் தெரியலீங்களா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “கண்ணுல பொறை விழுந்துருக்குன்னு சொன்னாங்க. கத்தி வைக்கணுமாம். கண்ணுல கத்தின்னா எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது பாப்பா. தெரியலன்னு சொன்னா மெஷின விட்டு எறக்கிடுவாங்க. சொல்லிடாத.”

“சூடு ஏறினா எப்படித் தெரியும்?”

“இதுவரைக்கும் ஏறல.”

4

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் மாமாவிடம் சொன்னாள்.

“நமக்குக் கொடுத்தது பெட்டி வேலம்மா,” என்றார் சலாம். “அவரு பொழப்புல நாம கை வைக்கக் கூடாது. பெருசா தெரியிற மாதிரி செஞ்சிடு. அல்லாஹ் காவல்.”

குருமூர்த்தி கேட்டது இரண்டு வரி எல்சிடி. எண்ணோடு எழுத்தும் காட்டும். ஷஹானா உள்ளங்கை உயரத்துக்கு எரியும் சிவப்பு எல்ஈடி எண்களைத் தேர்ந்தாள். ‘எல்சிடி சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும் சார்’ என்றாள். அது உண்மை. சொல்லாமல் விட்டதும் உண்மைதான். (இந்த வாக்கியம் என்னுடையது. அவள் இவ்வளவு யோசித்ததாகச் சொல்லவில்லை.)

பெட்டியை வார்ப்பு அலுமினியத்தில் எடுத்தாள். சூட்டை வெளியே விடும். மூடிக்கு ரப்பர் வளையம். எண்களுக்கு முன்னால் சிவப்பு அக்ரிலிக். அது இல்லாவிட்டால் பகல் வெளிச்சம் எல்ஈடியைத் தின்றுவிடும். மேலே தகரத்தில் ஒரு தொப்பி. ஒயர் நுழையும் துளையை மேலே வைக்காமல் அடியில் வைத்தாள், மழைத் தண்ணீர் இறங்காதிருக்க. கடை வாசலில், வெயிலில் அதைத் தொங்கவிட்டு, ரோட்டைத் தாண்டி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படித்துப் பார்த்திருக்கிறாள். தெரிந்தது.

5

மாட்டிய அன்று சாமிதுரை பெட்டியின் முன்னால் நின்றார். “அறுபத்தி... நாலு,” என்றார். உண்மையாகவே படித்தார். சிறுபிள்ளை மாதிரி சிரித்தார் என்றாள் ஷஹானா.

கதையை இங்கேயே முடித்துவிடலாம் என்று எனக்கு ஆசை. முடித்தும் பார்த்தேன். ஆனால் அவள் நிறுத்தவில்லை.

அவர் சிரித்துக்கொண்டிருந்தபோது, ஓடும் பெல்ட்டின் அடியில் சிந்திய கல்லைக் கூட்ட பூமாலை என்ற பெண் குனிந்து போனாள். சாம்பல் சேலை, சாம்பல் தூசி. சாமிதுரையின் கை ஸ்விட்சுக்குப் போகவில்லை. தலைகூடத் திரும்பவில்லை. ஷஹானாதான் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அறைந்தாள். எந்திரம் நின்றது.

“என்னாச்சு?” என்றார் அவர்.

“பூமாலையக்கா பெல்ட்டுக்கு அடியில இருக்காங்க.”

அவர் அந்தத் திசையில் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். பூமாலை அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

“நம்பர என்னால பெருசாக்க முடிஞ்சிது அண்ணே,” என்றாள் ஷஹானா. “ஆள பெருசாக்க முடியாதுங்க.”

சாமிதுரை தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “நீ சொல்லிட்டியா சார்ட்ட?”

“இல்லீங்க.”

“சொல்லாத. நானே போறேன். மெஷின யாரும் போட வேணாம்.”

ஆபரேட்டர் மேடையின் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டு இறங்கி, ஆபீஸை நோக்கி நடந்தார்.

6

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஷஹானா சொன்னாள். இரண்டு விதமாக மாற்றியும் எழுதினேன். குருமூர்த்தி அவரைக் கட்டிக்கொள்வது ஒன்று. வெளியே போகச் சொல்வது ஒன்று. இரண்டும் சுலபமாக வந்தன. அதனாலேயே இரண்டின் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. நடந்ததை எழுதினாலோ, நீங்கள் குருமூர்த்தியைப் பற்றி ஏதாவது முடிவு செய்துவிட்டு நிம்மதியாக எழுந்து போய்விடுவீர்கள்.

எனவே குருமூர்த்தியின் நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். எந்திரம் நின்றுவிட்டது. கேட்டில் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. இந்த ஷிப்டுக்கு உங்களிடம் வேறு ஆபரேட்டர் இல்லை. கதவைத் திறந்து ஒருவர் உள்ளே வருகிறார். நீங்கள் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

“சார், இருக்கீங்களா?” என்கிறார்.

பதில் சொல்லுங்கள்.