குரங்குக் கூண்டின் பரப்பளவு

பன்னிரண்டு காகிதச் சதுரங்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். பழைய செய்தித்தாள்களை வெட்டி ஒட்டி என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு நாளாகச் செய்தவை. மைதானத்தில் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்ட குரங்குக் கூண்டுக்குள் அவற்றை விரித்தால் தரை முழுவதும் மூடிவிட வேண்டும். பன்னிரண்டையும் விரித்தாயிற்று. பாதித் தரை அப்படியே வெறுமையாகக் கிடந்தது.

"டீச்சர், பேப்பர் பத்தல" என்றாள் மண்டியிட்டு விரித்துக்கொண்டிருந்தவள்.

"ஒழுங்கா விரிச்சாத்தானே பத்தும்? ஒண்ணுமேல ஒண்ணு போட்டிருப்பீங்க."

"இல்ல டீச்சர். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஓரத்தோடு ஓரம் அழகாகத்தான் விரித்திருந்தார்கள். அப்போது மணி பத்தரை. பதினோரு மணிக்குக் கல்வி அதிகாரி வருகிறார். அவர் முன்னால் இந்தக் கூண்டைத்தான் நாங்கள் காட்டப்போகிறோம். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அடுப்பில் இருக்கும் குக்கருக்கு என்னைவிடப் பொறுமை அதிகம், அது மூன்று விசில் வரைக்குமாவது காத்திருக்கும் என்பார் என் கணவர். "கோடு போட்டது யாரு? அளந்து போடுன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டீங்களா?" என்று கத்திவிட்டு அளவு நாடாவைப் பிடுங்கி நானே அளந்தேன். நீளம் ஆறு மீட்டர். அகலம் நாலு மீட்டர். கோடு சரியாக இருந்தது.

காகிதத்தை அளந்தேன். அதுவும் சரியாக இருந்தது.

கோடும் சரி, காகிதமும் சரி என்றால் மிச்சம் இருப்பது கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கு என்னுடையது. ஆறு நான்கு இருபத்துநான்கு. இதில் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?

அது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நீளம், அகலம், சுற்றளவு, பரப்பளவு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று இந்தப் பருவத்தில் ஒரு மிருகக்காட்சிசாலையையே வடிவமைக்கச் சொல்லியிருந்தேன். ஆளுக்கு ஒரு கட்டத்தாள். யானை, சிங்கம், மான், குரங்கு, கிளி என்று ஐந்து கூண்டுகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மீட்டர் வேலி வேண்டும், உள்ளே எத்தனை சதுர மீட்டர் தரை கிடைக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் கட்டத்தின் ஒரு பக்கம் ஒரு மீட்டர் என்றுதான் வைத்தேன். யானை தாளுக்குள் அடங்கவில்லை. சரி, ஒரு பக்கம் இரண்டு மீட்டர் என்று மாற்றினேன். மாற்றிய கையோடு, "அவ்வளவுதான், கட்டத்தை எண்ணி எல்லாத்தையும் ரெண்டால பெருக்கிக்கோங்க" என்று பலகையில் பெரிதாக எழுதிவிட்டேன். வேலிக்கு அது பொருந்தும். தரைக்குப் பொருந்தாது. பக்கம் இரண்டு மீட்டர் என்றால் ஒரு கட்டத்துக்குள் நாலு சதுர மீட்டர் இருக்கிறது. பதினாறு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், வாய்க்கு வந்ததை எழுதிப் போட்டுவிட்டு, அதே கணக்கில் விடைத்தாளும் தயாரித்துத் திருத்தியும் முடித்துவிட்டேன். குரங்குக் கூண்டில் ஆறு கட்டம். இரண்டால் பெருக்கினால் பன்னிரண்டு. முப்பது பிள்ளைகள் பன்னிரண்டு என்று எழுதினார்கள், முப்பது பேருக்கும் மதிப்பெண் போட்டேன்.

முப்பத்தோராவது தாளில் இருபத்துநான்கு என்று இருந்தது.

அந்தத் தாள் நத்தையுடையது. அந்தப் பெயரை வைத்தது பிள்ளைகள், தடுக்காமல் விட்டது நான். எதையும் மெதுவாகச் செய்வாள். வாய்ப்பாட்டைக் கேட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் அளவை மாற்றிய அன்று காதுவலி என்று மூன்று நாள் வரவில்லை. அதனால் என்னுடைய அந்த அருமையான பொன்மொழி அவள் காதில் விழவில்லை. திரும்பி வந்ததும் தாளைப் பார்த்து, ஒரு பக்கம் இரண்டு மீட்டர் என்று படித்து, தானாகவே யோசித்துப் போட்டிருக்கிறாள். வேலி ஐந்தும் சரி. தரை ஐந்தும் தப்பு என்று நான் சிவப்பு மையால் ஐந்து பெருக்கல் குறி போட்டு, கீழே "கவனமே இல்லை" என்று எழுதினேன். தரைக்குத்தான் பதினைந்து மதிப்பெண். இருபதுக்கு ஐந்து வாங்கினாள்.

போன பருவத்திலேயே அவள் கணக்கில் தேறவில்லை. இந்தப் பருவமும் தேறாவிட்டால் மூன்றாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பிவிடுவது என்று பெரிய டீச்சர் முடிவு செய்திருந்தார். பெரிய டீச்சர் என்றால் எங்கள் தலைமையாசிரியை. கடிதம் அடித்துத் தயாராக இருந்தது. அவளுடைய அப்பாவைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். அதிகாரி வந்ததும் முதல் வேலையாக அந்தக் கடிதத்தில் கையெழுத்து, அப்புறம்தான் மிருகக்காட்சிசாலை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி உடற்பயிற்சி வாத்தியாரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். சுண்ணாம்பு படிந்த செருப்போடு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பெரிய டீச்சர் என் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"மேடம், அந்தக் கடிதத்தை நிறுத்துங்க. அவ போட்ட கணக்கு சரி. என் விடைத்தாள்தான் தப்பு."

சொல்லி முடித்தேன். அவர் ஒரு காகிதத்தில் தானே கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு தடவை போட்டார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும். அதுக்காக ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"

"ஊரைக் கூட்ட வேண்டாம் மேடம். இந்த ஒரு கடிதத்தை நிறுத்தினா போதும்."

"நிறுத்தினா ஏன்னு கேப்பாரு. சொன்னா முப்பது பிள்ளைங்களோட மார்க்கும் தப்புன்னு ஆகும். முப்பது வீட்லயும் மார்க் அட்டை கையெழுத்தாகி வந்தாச்சு. கிளாஸ்ல ஒருத்திதான் பாஸ், அதுவும் நாம ஃபெயில் பண்ணினவன்னு அந்த ஆளு முன்னால போய்ச் சொல்லப் போறியா? இந்த மிருகக்காட்சிசாலையப் பத்தி அவர்கிட்ட நான் எவ்வளவு பெருமையா எழுதியிருக்கேன் தெரியுமா?"

"அப்போ அந்தப் பொண்ணு?"

"மூணாங்கிளாஸ்ல ஒரு வருஷம் இருந்தா ஒண்ணும் கொறஞ்சு போயிடாது. அஸ்திவாரம் பலமாகும். எப்படியும் அவ மந்தம்தானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு அந்தப் பூசணிக்காயை மறைத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. மைதானத்தில் கூண்டுக் கோட்டை மூன்றுக்கு நாலாகச் சுருக்கிவிட்டால் பன்னிரண்டு காகிதமும் கச்சிதமாகப் பொருந்தும். ஐந்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது. அதிகாரி கைதட்டுவார், என் பெயர் அறிக்கையில் ஏறும். அப்படி நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நீ ஒண்ணும் பேசாம இரு. நான் பாத்துக்கறேன்" என்றார் பெரிய டீச்சர். வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அதிகாரி ஒல்லியான மனிதர், சிரிப்பு வராத முகம். அவர் உட்கார்ந்த பிறகு நத்தையும் அவள் அப்பாவும் உள்ளே அழைக்கப்பட்டார்கள். அப்பா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். நகக்கண் எல்லாம் வெள்ளைச் சிமெண்டு. நாற்காலியில் உட்காரச் சொன்னபோது, துணி அழுக்கு என்று சொல்லி மறுத்துவிட்டார். நத்தை தலையில் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தாள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தாள்.

பெரிய டீச்சர் கடிதத்தை அதிகாரியின் பக்கம் நகர்த்தினார். அவர் பேனா மூடியைத் திருகினார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. பெரிய டீச்சர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். "இந்த மார்க் தப்பு சார். நான் தப்பாத் திருத்திட்டேன். இவ போட்டதுதான் சரி."

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். என் சிவப்புக் குறிகள் ஐந்தும் பளிச்சென்று தெரிந்தன.

"டீச்சருக்கு இளகிய மனசு சார்" என்றார் பெரிய டீச்சர். "கடைசி நேரத்துல பாவம் பாக்கறாங்க."

எனக்கு இளகிய மனசாம். என் வகுப்பில் போய்க் கேட்டால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நத்தையைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பயப்படாம சொல்லும்மா. இந்தக் குரங்குக் கூண்டுல தரை எவ்வளவு?"

அவள் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், சொல்லு சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"பன்னெண்டு" என்றாள் தெளிவாக.

பெரிய டீச்சர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "நான்தான் சொன்னேனே சார். எப்பவோ குருட்டாம்போக்குல சரியா எழுதியிருக்கா. இப்போ கேட்டா அவளுக்கே தெரியல."

அதிகாரி மறுபடியும் பேனாவை எடுத்தார். என் கோபம் அப்போது யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அவள்மேலும் வந்தது, அதுதான் வெட்கம். வேறு வழி தெரியாமல் அவள் அப்பாவிடம் திரும்பினேன்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"டைல்ஸ் ஒட்டறேன் டீச்சர்."

"ஆறு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். ஒரு ரூம். மீட்டருக்கு மீட்டர் கல்லு. எத்தனை வேணும்?"

"இருபத்திநாலு. உடைசலுக்கு ரெண்டு சேத்து இருபத்தாறு வாங்கணும்" என்றார். யோசிக்கக்கூட இல்லை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்போ இது சரிதானா டீச்சர்?"

"சரிதான். நான்தான் தப்பு."

"நானும் அன்னைக்கு எண்ணிப் பாத்தேன்" என்றார் மெல்ல. "எனக்கும் இருபத்திநாலுதான் வந்துச்சு. தெனமும் இதே வேலதானே பாக்கறேன். ஆனா நீங்க செவப்பு மையில போட்டிருந்தீங்க. படிச்சவங்க போட்டா அதுல ஏதோ இருக்கும்னு நெனச்சேன். இவ ஒத்துக்கவே மாட்டேன்னா. நீங்க போட்டதுதான் தப்புன்னு ஒரே அழுகை. வாத்தியாரம்மாவையே எதுத்துப் பேசுவியான்னு அடிச்சுட்டேன். இன்னைக்கு வரும்போதுகூட, யார் கேட்டாலும் பன்னெண்டுன்னு சொல்லுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

பெரிய டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "முப்பது பேருக்கும் திரும்பத் திருத்துங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் நத்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பஞ்சு வைத்த ஒரு காது, கன்னத்தில் ஒரு மச்சம்.

"உனக்குத் தெரியும்தானே? அது இருபத்திநாலுன்னு உனக்கு நல்லாத் தெரியும்தானே?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்புறம் ஏன்மா பன்னெண்டுன்னு சொன்னே?"

அவள் அதிகாரியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"சரியாச் சொன்னதுக்குத்தானே டீச்சர் என்னை மூணாங்கிளாசுக்கு அனுப்பறீங்க."

மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்து, யாரிடமும் கேட்காமல், நானே கிழித்தேன்.