பட்டியலில் இரண்டாவது பெயர்

வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்த மூன்றாம் மாடியில் ஒரு பயணச்சீட்டுக் கம்பனி. அங்கே நஸ்லாவின் வேலைக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. தமிழில் சொன்னால், கணினியில் மனிதர்கள் விடும் பிழைகளால் கம்பனி மூழ்காமல் பார்த்துக்கொள்வது. மூன்று மாதத் தற்காலிக நியமனம் இந்தக் கிழமையோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் முதலாளி இஸ்ஸதீன் ஹாஜியாரின் கையில்.

அவள் நடத்தை அறிவியல் படித்தவள். "பிழை விட்டவங்கள வெக்கப்படுத்தினா அடுத்த பிழைய ஒளிப்பாங்க சேர்," என்று முதல் நாளே சொல்லிப் பார்த்தாள்.

"வெக்கப்பட்டாத்தான் மனிசன் திருந்துவான்," என்றார் ஹாஜியார். "கள்ள ஈமெயில் ஒண்டு அனுப்பிப் பாருங்க. அதில உள்ள லிங்க அமத்தினவன்ட பேரெல்லாம் நோட்டிஸ் போர்ட்ல வரோணும்."

சம்பளம் தருபவர் சொன்னால் செய்யத்தானே வேண்டும். நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை நஸ்லா அனுப்பினாள்: வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஆட்டிறைச்சி பிரியாணி. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன். ஆறு பேரும் இணைப்பை அமத்திக் கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் அந்தத் தட்டு வரும்.

அனுப்பிய முகவரியில் கம்பனியின் பெயரே பிழை. பிரியாணி என்ற பிறகு அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஒருவர் அமத்தாவிட்டால் ஐந்து பேருக்குச் சோறில்லை என்று மேசை மேசையாய்ப் போய் ஆள் பிடித்தார்கள். இறைச்சியே தொடாத பிரியந்தன்கூட, ஐந்து பேரின் முகத்தை முறிக்க மனமில்லாமல் அமத்தினான்.

நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்திரண்டு பேர். கச்சிதமாக ஏழு சஹன். தப்பியது கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் வரவேற்பாளர் டோரின் மட்டும். ஒருவராவது விழிப்பாக இருந்தாரே என்று நஸ்லா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"எப்படி அன்ட்டி கண்டுபிடிச்சீங்க?"

"என்னத்தப் பிள்ளை? தவக்காலத்து வெள்ளிக்கிழமை எனக்கு இறைச்சி ஏலாது," என்றார் டோரின். "மீன் எண்டா முதல் ஆளா அமத்தியிருப்பன்."

பட்டியலை அகரவரிசையில் எடுத்தாள். முதல் பெயர் அஷ்பாக். இரண்டாவது இஸ்ஸதீன். சோதனைக்கு உத்தரவிட்டவரே சோற்றுக்கும் கை நீட்டியிருந்தார்! அந்த ஒரு பெயரை அழித்தால் வேலை நிரந்தரம். விரல் அழிக்கும் பொத்தான் வரை போய்த் திரும்பியது. அழிக்காமலே அச்சடித்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

ஹாஜியார் இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பெயர் அங்கேயேதான் இருந்தது.

"இத வேற யாரு பார்த்த?"

"நீங்களும் நானும்தான் சேர்."

"அப்ப போர்ட்ல போடத் தேவல்ல. கிழிச்சிருங்க."

நஸ்லா கிழிக்கவில்லை. "சேர், இது நெசமான களவா இருந்திருந்தா, அமத்தினத என்கிட்ட வந்து சொல்லியிருப்பீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? இத்தன பேருக்கு முன்னால மானம் போகவா?"

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் சிவந்தது. வேலை போச்சு என்றே நஸ்லா நினைத்தாள். ஹாஜியார் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு எல்லோரும் இருந்த மண்டபத்துக்குப் போனார்.

"எல்லாரும் கேளுங்க. அந்த பிரியாணி பொய். நானும் அமத்தினேன், பாஸ்வேர்டும் குடுத்தேன். யாரையும் ஏசப் போறதில்ல."

சிரிப்பை அடக்கிய இருமல்கள் நாலாபக்கமும் கேட்டன. பிறகு டிக்கெட் பகுதி றிகாஸ் மெல்லக் கையை உயர்த்தினான்.

"சேர், போன செவ்வாய்க்கிழம நான் வேற ஒண்டும் அமத்தினேன். விசா ஒபிஸ் எண்டு வந்திச்சி. அதுக்குப் பொறகு கம்பியூட்டர் தன்பாட்டில ஓடுது. பயத்தில ஸ்கிரீன துணியால மூடி வெச்சிரிக்கேன்."

அது நஸ்லா அனுப்பியதல்ல. நெசமான களவு! இவ்வளவு மோசமான செய்தியைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் கொழும்பிலேயே இருக்கமாட்டாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு றிகாஸின் மேசைக்கு ஓடினாள்.

"நிரந்தர லெட்டர திங்கக்கிழம எடுத்துக்கங்க மகள்," என்று பின்னால் ஹாஜியார் கத்தினார். "மொதல்ல வயரப் புடுங்குங்க!"