கண்மாய்ச் சேறு

...ஆனால் கால்நடை டாக்டரம்மா சொன்னதைச் செல்லச்சாமியிடம் மட்டும் சொல்லவேண்டாம், சொன்னால் வெடியைப் பற்றவைக்க யோசிப்பான், கண்மாய்க் கரையில் குந்தியிருந்த பால்பாண்டி இதைத் திரும்பத் திரும்பத் தீர்மானித்துக்கொண்டிருந்தான். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் முழுக்க நாரைகள், ஒரு கிளை பாக்கியில்லை, மஞ்சள் மூக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்ன ஒரு நிம்மதி அதுகளுக்கு. மரத்தடியில் சிறகிகள், வடக்கே எங்கிருந்தோ வருஷாவருஷம் வருகிற சின்ன வாத்துகள். போன வருஷம் வரைக்கும் அவனும் நின்று பார்த்தவன்தான். இந்த வருஷம் பறவைக் காய்ச்சல் என்று டி.வி.யில் மகாராஷ்டிராவைக் காட்டுகிறார்கள், உடம்பு முழுக்க மூடிக்கொண்ட ஆட்கள் கோழிகளைச் சாக்கில் அள்ளிக் குழியில் கொட்டுகிறார்கள். கரைக்கு அந்தப் பக்கம் பறவை, இந்தப் பக்கம் அவன் கொட்டகை, அதற்குள் விற்கிற எடைக்கு வந்துவிட்ட கறிக்கோழிகள். நடுவில் இந்த மண்கரை. இது எதைத் தடுக்கும்?

சிறகிகள் செத்து மடையோரம் ஒதுங்கியதை முதலில் பார்த்தவனும் அவன்தான், ஊர் பார்ப்பதற்குள் சேற்றில் இறங்கி அள்ளிப் புதைத்தவனும் அவன்தான். அது வெள்ளிக்கிழமை காலை. அன்றைக்கே குளித்து, வேட்டி மாற்றி, தங்கச்சி முத்துப்பேச்சியையும் அவள் ஊரில் போய்க் கூட்டிக்கொண்டு இருக்கன்குடிக் கோயிலுக்குப் போனான். தாயே, என் கொட்டகைக்குள் மட்டும் வந்துவிடாதே... மட்டும் என்ற சொல் வாயிலிருந்து தானாக வந்ததா, வேண்டுமென்றே சொன்னதா? எதுவாக இருந்தாலும் மாரியம்மன் காதில் விழவில்லை போல, எப்படியோ விஷயம் கம்பெனிக்குப் போய்விட்டது. குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்க்கச் சொன்னவர்கள் இப்போது, கண்மாயில் பறவை கிடக்கிற வரைக்கும் லோடு எடுக்க முடியாது என்கிறார்கள். நாளைக் காலையில் லாரி வரும், பறவை இருந்தால் திரும்பிப் போகும், அப்புறம் அத்தனை கோழியையும் வைத்துக்கொண்டு என்ன செய்வான், அவனே குழி வெட்டவேண்டியதுதான்.

டாக்டரம்மாவுக்கென்ன, புதைத்ததில் ஒன்றைத் தோண்டிப் பெட்டியில் அடைத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டாள், முடிவு வரவில்லை, வரும்வரை கலைக்காதீங்க என்கிறாள். கலைத்தால் திசைக்கொன்றாகப் போகுமாம், நோய் இருந்தால் அதுவும் கூடப் போகுமாம், சிறகி உள்ளே கிருமியை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாதது மாதிரிப் பறக்குமாம், எச்சம் விழுந்த தண்ணீரில், ஈரச் சேற்றில் அது உயிரோடு கிடக்குமாம். சைக்கிள் டயர், தீவனச் சாக்கு, செருப்பு எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீரில் கழுவச் சொன்னாள். கேட்டுக்கொண்டான். கழுவி என்ன ஆகப்போகிறது, மேலேயிருந்து பெய்கிறதைக் கழுவ முடியுமா? போகட்டும். எங்கேயாவது போகட்டும். நோயோ நொடியோ இன்னொருத்தன் கண்மாயில் இறங்கட்டும், டாக்டரம்மா அங்கே போய்ப் பெட்டியைத் திறக்கட்டும்.

செல்லச்சாமி மரத்துக்கு மரம் சரவெடி கட்டிவிட்டு முழங்கால் ஈரத்தோடு வந்தான். தாயில்பட்டியில் பட்டாசு வேலை, அவன் கை வைத்தால் புஸ் என்று போகாது. "ஊரு ஒலகமெல்லாம் தீவாளிக்கு வெடி போடுது, நீங்க நாரைக்குப் போடுறீக. அதுக புதுத்துணி எடுத்திருச்சாமா அண்ணாச்சி?"

"பத்தவைலே."

கண்மாயே கிழிந்தது. முதலில் புகை, அப்புறம் சிறகு, மரங்களே பெயர்ந்து மேலே போகிற மாதிரி, வானம் தெரியவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாரைகள் மேலே, சிறகிகள் கீழே, தெற்கே போகும் என்றுதான் நினைத்திருந்தான், தெற்கே அவனுக்கு யாரும் இல்லை... கூட்டம் வளைந்தது. "வடக்க போகுது அண்ணாச்சி" என்றான் செல்லச்சாமி, "ஒங்க தங்கச்சி ஊருப் பக்கம்." தெரியும், சொல்லவேண்டாம். புருஷன் விட்டுப் போனபின் அண்ணன் பேச்சைக் கேட்டுக் கோழிக் கொட்டகை போட்டவள், அதைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பில்லை. அங்கே இறங்காது, அது சின்னக் கண்மாய், தாண்டிப் போய்விடும், போகாதா?

கொஞ்ச நேரத்தில் செல்போன் அடித்தது. முத்துப்பேச்சி. குரலில் அத்தனை சந்தோஷம். "அண்ணே, எங்க கம்மாயில நாரையா வந்து எறங்குதுண்ணே. இங்கன இப்பிடி வந்ததே இல்ல, ஊரே கரையில நிக்குது. ஒங்க பக்கமிருந்தா வருது?"

கொட்டகையை அடை, வலையைக் கட்டு, ஒன்றையும் வெளியே விடாதே... எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. "தெரியலையே முத்து" என்றது அவன் வாய்.

"ஆனா மனசே சரியில்லண்ணே. நேத்திலருந்து கொட்டகையில நாலஞ்சு கோழி தலையத் தொங்கப் போட்டுக் கெடக்கு. தீவனமும் எடுக்கல. வெயிலா இருக்குமோ?"

நேற்றிலிருந்து. நேற்றைக்கு நாரைகள் இங்கேதான் இருந்தன, அவன் கண்ணெதிரே, இந்த மரத்தில். அப்படியானால் இது கலைத்ததனால் இல்லை, அவனால் இல்லை... மூச்சு ஒருமுறை லேசாக வந்தது, வெட்கமில்லாமல் வந்தது. வெயிலாகத்தான் இருக்கும். பறவை போகாத இடத்துக்கு வேறு எது போகும்? சின்னக் கண்மாய், ஒரு நாரைகூட இதுவரை இறங்காத ஊர், வெளியாள் யார் வந்தார்கள்... வெள்ளிக்கிழமை அவன் போனான். கோயிலுக்குக் கிளம்புமுன் ஒத்தாசையாகக் கொட்டகைக்குள் நுழைந்து தீவனம் போட்டுக் கொடுத்தான், நீ சேலையை மாத்து முத்து, நான் பாத்துக்கிறேன் என்று. குளித்திருந்தான். வேட்டி மாற்றியிருந்தான்.

"அண்ணே, இருக்கீகளா?"

அன்றைக்கும் போட்டிருந்த செருப்பின் வார் இடுக்கில் மடைச் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. "மிச்ச வெடியையும் பத்தவச்சிரவா?" என்று கீழேயிருந்து செல்லச்சாமி கேட்டான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே பால்பாண்டி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தான். வெறுங்காலுக்கடியில் கரை முழுக்க எச்சம் பிசுபிசுத்தது, கையிலிருப்பதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.