அறுபத்து மூன்றாவது விதி

வேங்கிக்காலில் அக்னி வில்லாஸுக்குச் சட்டம் எழுதியவர் சக்கரவர்த்தி. ஊர் ஊராக மாற்றலாகி முப்பது வருஷம் சர்க்குலர் அனுப்பிப் பழகிய கை, ஓய்வு பெற்றதும் சும்மா இருக்குமா? குடியிருப்போர் சங்கச் செயலாளராகி, நாற்பது வில்லாவுக்கு அறுபத்திரண்டு விதிகள் போட்டார். துணி காயப்போட ஒரு விதி, வாசல் கோலத்தின் அகலத்துக்கு ஒரு விதி.

2006 கார்த்திகைக்கு அறுபத்து மூன்றாவது வந்தது. தீபத்தன்று மாலை நான்கு முதல் எட்டு வரை கேட்டைத் திறக்கக் கூடாது. கிரிவலம் முடித்து பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீர், கழிப்பறை எதுவும் தரக் கூடாது. யாருக்கும் விலக்கில்லை, செயலாளர் உட்பட. அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை எழுதிவிட்டுத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். கேட்டுக்கு வெளியே எதிர்ச்சாரியில் தண்ணீர்ப் பானை வைத்திருந்த ஜோதியம்மாள் மீது, கூட்டம் சேர்க்கிறாள் என்று ஒரு மனுவும் கொடுத்தார்.

அவர் மனைவி ரேணுகாம்பாளுக்கு இருந்தது ஒரே ஆசை. மலையில் தீபம் ஏறியதும் சொந்த வீட்டு வாசலில் விளக்கேற்ற வேண்டும். முப்பது வருஷம் குவார்ட்டர்ஸ் வாசல்களில் நின்றவள் அவள். இது புது வீட்டில் முதல் தீபம். விடிந்ததும் இருபத்தேழு அகலிலும் எண்ணெய் விட்டு, திரி போட்டு, படியில் வரிசையாக வைத்துவிட்டுக் கணவரோடு வெறுங்காலில் கிரிவலம் கிளம்பினாள்.

"மூணு மணிக்கெல்லாம் வந்துடலாம்" என்றவர் சக்கரவர்த்திதான். அவருடைய மூட்டுவலி அதற்குச் சம்மதிக்கவில்லை. ரமணாசிரமத்திலேயே முதல் தடவை உட்கார்ந்துவிட்டார். பிறகு நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தார். கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு பத்து.

உள்ளே எவரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று அவரே போடவைத்த இரும்புத் தகடு கேட் அது. சின்னத் துவாரத்தில் வாட்ச்மேன் வேடியப்பனின் கண் தெரிந்தது.

"கேட்டைத் திறப்பா."

"மணி ஆயிடுச்சுங்க சார்."

"நான் செயலாளர்யா!"

"உங்களையும் சேத்துத்தான் எழுதியிருக்கீங்க. போன மாசம் ஒரு காருக்குத் தொறந்ததுக்கு மெமோ குடுத்தீங்க. இன்னொன்னு வாங்குனா எனக்கு வேலை போயிடும் சார்."

சங்கத் தலைவர் வீரேந்திரனுக்கு செல்போனில் பேசினார். அவர் நெகிழ்ந்தே போனார். "சபாஷ் சார்! நீங்களே வெளிய நின்னாத்தான் ரூலுக்கு மரியாதை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"தண்ணியாவது குடுப்பா" என்றார் சக்கரவர்த்தி.

"அதுவும் அதே சர்க்குலர்ல இருக்குங்க சார்."

ஜோதியம்மாள்தான் எதிரிலிருந்து ஓடிவந்தாள். "வாங்கம்மா, காலெல்லாம் கொப்புளமா இருக்கே" என்று ரேணுகாம்பாளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்த் தன் வீட்டு வாசலில் உட்காரவைத்தாள். சக்கரவர்த்திக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். பாதி குடிக்கும்போது மனு ஞாபகம் வந்து அவருக்குப் புரையேறியது. "மெதுவா குடிங்க சார், ஜாஸ்தியாவே இருக்கு" என்றாள்.

ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் தெரிந்தது. ஊரே அரோகரா என்றது. மதிலுக்கு மேல் ஒவ்வொரு வில்லா மாடியிலும் வெளிச்சம் வந்தது. நடுவில் ஒரு வீடு மட்டும் இருட்டாக நின்றது.

"இந்த ஒண்ணைத்தானேங்க கேட்டேன்" என்று ரேணுகாம்பாள் அழுதாள். சக்கரவர்த்திக்கு வெட்கமாக இருந்தது.

ஜோதியம்மாள் தீப்பெட்டியை நீட்டினாள். "மொத விளக்கை நீங்க ஏத்துங்கம்மா."

ரேணுகாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏற்றினாள். அங்கே மொத்தம் ஐந்து அகல்தான்.

எட்டு மணிக்கு கேட் திறந்தது.

"நீங்க போங்க. நான் வரலை. என் விளக்கு இங்கதான எரியுது" என்றாள் அவள்.

சக்கரவர்த்தி தனியாக நொண்டிக்கொண்டு போனார். வேடியப்பன் பதிவேட்டை நீட்டினான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் எழுத வேண்டும் என்பது பதினேழாவது விதி. பெயர் எழுதினார், நேரம் எழுதினார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து தன் இருட்டு வீட்டைப் பார்த்தார்.

வேடியப்பன் பணிவாக டார்ச் அடித்தான். "அதை மட்டும் காலியா விடக்கூடாதுங்க சார்."